முகத்தை மீட்டல்: அழகு அறுவைச் சிகிச்சை குறித்து ஃபிக்ஹும் இந்தியச் சட்டமும்

1. கேள்வியும் களமும்

2025 வரை நடைமுறையிலிருந்த 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை, சம்பாதிக்கும் திறனை முற்றிலும் பறித்துவிடும் காயங்களைப் பட்டியலிட்டது. இரு கைகளையும் இழப்பது, பார்வை போவது, செவித்திறன் அறவே அற்றுப்போவது ஆகியவற்றுக்கு நடுவே இன்னொன்றும் இருந்தது: முகம் மிகக் கடுமையாக உருக்குலைந்து போவது. அதற்கும் இழப்பு நூறு விழுக்காடு. கையும் காலும் நன்றாக இருக்கலாம், உடல் வலு குறையாமல் இருக்கலாம். ஆனாலும் முகம் சிதைந்தவருக்குப் பிழைப்பு கிடைப்பது அரிது என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்ட இடம் இது. தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலும் இதே வரி இருந்தது.

திருவள்ளூர் மாவட்டத்தில் இந்த வரி வெறும் ஏட்டுச் சட்டம் அன்று. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் அதைச் சுற்றியும் பழைய இரும்பை உருக்கிக் கட்டுமானக் கம்பியாக்கும் ஆலைகள் பல உள்ளன. அவற்றில் தமிழரோடு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கத் தொழிலாளர்களும் உழைக்கிறார்கள். ஈரமான கழிவு இரும்போ, இரு முனையும் மூடிய குழாயோ உலைக்குள் விழுந்தால், அடைபட்ட நீராவியும் காற்றும் வெடித்து உருகிய இரும்பு வெளியே தெறிக்கும். முகமும் கழுத்தும் கையும்தான் முதலில் வெந்துபோகும். புண் ஆறிய பிறகு அடுத்த துன்பம் தொடங்குகிறது. ஆறிய தோல் இறுகிச் சுருங்குகிறது. இமை மூடாது, வாய் முழுதாகத் திறக்காது, தாடை மார்போடு இழுத்துக்கொள்ளும். இவற்றைச் சரிசெய்ய ஒன்றன்பின் ஒன்றாகப் பல அறுவைச் சிகிச்சைகள் தேவைப்படும். அவற்றில் எது உயிருக்கானது, எது உறுப்பின் செயலுக்கானது, எது அழகுக்கானது?

இதே கேள்வியை இஸ்லாமியச் சட்டவியலான ஃபிக்ஹும் கேட்கிறது, இந்திய அரசின் சட்டமும் கேட்கிறது. இறைவன் படைத்த உருவில் மனிதன் கைவைக்கலாமா என்பது முதலாவதன் கவலை. எதற்கு அனுமதி, யார் பொறுப்பு, யார் செலவு என்பது இரண்டாவதன் கவலை. இவ்விரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழில் இப்பொருள் பற்றிய பேச்சு பெரும்பாலும் 'கூடுமா, கூடாதா' என்ற அளவில் நின்றுவிடுகிறது. ஃபிக்ஹின் ஆதாரங்களை முழுமையாக வாசித்தால் அவை தடையோடு முடிவதில்லை, சிதைந்த முகத்தை மீட்டுத் தரும் கடமையையும் அவை சமூகத்தின் மீது சுமத்துகின்றன என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

இம்மாவட்டத்தின் திருவாலங்காடு, உடலழகு பற்றிய தமிழ் நினைவில் தனி இடம் பெற்ற ஊர். கணவனுக்காகச் சுமந்த அழகை வேண்டாம் என்று உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையார், இங்கு ஆடும் இறைவனின் திருவடிக்கீழ் இருப்பதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அம்மையார் அழகைத் தாமே துறந்தவர். உலையருகே நின்றவரிடமிருந்து அது பறிக்கப்பட்டது. உடலில் நேரும் மாற்றத்தை, அதன் பின்னுள்ள விருப்பத்தையும் நோக்கத்தையும் கொண்டு மதிப்பிடுவது சமய மரபுகளுக்குப் பொதுவானது. ஃபிக்ஹும் அங்கிருந்தே தொடங்குகிறது.

2. தடையின் ஆதாரங்கள்

தடையை வலியுறுத்துவோர் முதலில் காட்டுவது குர்ஆனின் 4:119-ஆம் வசனம். மனிதரை வழிகெடுத்து, இறைவனின் படைப்பை மாற்றும்படி தூண்டுவேன் என்று ஷைத்தான் சூளுரைப்பதை அது கூறுகிறது. மனிதன் மிக அழகிய அமைப்பில் படைக்கப்பட்டான் என்னும் 95:4-ஐ இதனோடு சேர்த்து வாசிப்பது வழக்கம்.

இரண்டாவது ஆதாரம் நபித்தோழர் இப்னு மஸ்ஊத் அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி). புகாரி, முஸ்லிம் இரு தொகுப்புகளிலும் அது உண்டு. பச்சை குத்துவோர், புருவ முடியைப் பறிப்போர், அழகுக்காகப் பல்லைத் தேய்த்து இடைவெளி உண்டாக்குவோர், இறைவனின் படைப்பை மாற்றுவோர் ஆகியோரை அது சபிக்கிறது.

மூன்றாவது ஆதாரம்தான் மிகக் கடினமானது. அன்சாரிப் பெண்ணொருவர் திருமணமானபின் நோய்வாய்ப்பட, அவருடைய முடி உதிர்ந்துவிட்டது. ஒட்டுமுடி வைக்கலாமா என்று கேட்டபோது நபி (ஸல்) அதை மறுத்ததாக அறிவிப்பு வருகிறது. இழப்பு நோயால் நேர்ந்தது, மணவாழ்வின் நெருக்கடியும் இருந்தது, ஆனாலும் அனுமதி இல்லை. குறையை நீக்குவது எல்லாம் கூடும் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாதபடி இந்த ஹதீஸ் நிற்கிறது.

முற்கால அறிஞர் சிலர் இவ்வாதாரங்களை இறுக்கமாகவே வாசித்தனர். பிறவியிலேயே அமைந்த கூடுதல் பல்லையோ விரலையோ வலியும் இடையூறும் இல்லாதபோது அழகுக்காக நீக்கக் கூடாது என்ற கருத்தைத் தபரீ, காழி இயாள் போன்றோரின் பெயரில் குர்துபீயின் தஃப்ஸீர் (குர்ஆன் விரிவுரை) எடுத்துரைக்கிறது. ஆறாவது விரலும் படைப்பே என்பது அவர்களின் தர்க்கம்.

3. அனுமதியின் ஆதாரங்கள்

மறுபக்கத்தில் மிக வலுவாக நிற்பது அர்ஃபஜா இப்னு அஸ்அத் என்னும் தோழரின் செய்தி. அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ தொகுப்புகளில் இது இடம்பெறுகிறது. இஸ்லாத்துக்கு முந்தைய குலாப் போரில் அவர் மூக்கை இழந்தார். வெள்ளியில் மூக்கு செய்து வைத்துக்கொண்டார். அதில் நாற்றம் வரவே, தங்கத்தில் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) கட்டளையிட்டார்கள்.

இந்தச் செய்தியின் கனம் இரண்டு காரணங்களால் கூடுகிறது. ஒன்று, தங்கம் அணிவது ஆண்களுக்கு விலக்கப்பட்டது. அந்த விலக்கு ஒரு முகத்துக்காகத் தளர்த்தப்பட்டது. இரண்டு, தங்க மூக்கு முகராது. மூக்கின் செயலை அது மீட்டுத் தரவில்லை. அது முதன்மையாக மீட்டது, மனிதர் நடுவே தலைநிமிர்ந்து நிற்கும் தோற்றத்தை. ஆகவே தோற்றத்தைத் திரும்பப் பெறுவது, உறுப்பின் செயலோடு ஒட்டாத நிலையிலும், விலக்கைத் தளர்த்தத் தக்க தேவையாகக் கருதப்பட்டது. 'செயல் மீண்டால் கூடும், தோற்றம் மட்டும் மீண்டால் கூடாது' என்று கோடு வரைவோர் இந்த ஹதீஸுக்கு விடைசொல்ல வேண்டும்.

நோயை இறக்கியவன் மருந்தையும் இறக்கியுள்ளான், ஆகவே மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்ற பொருளில் வரும் ஹதீஸும், தொழுநோயாளி, வழுக்கைத் தலையர், பார்வையற்றவர் ஆகிய மூவரை வானவர் தடவிக் குணமாக்கிய கதையும் இந்தப் பக்கத்தில் சேர்க்கப்படுகின்றன. அக்கதையில் வழுக்கையர் கேட்டது அழகிய முடி. அது அவருக்குக் கிடைத்தது. சொந்த முடியை வேரோடு மாற்றி நடும் சிகிச்சையை அனுமதிக்கும் தற்கால அறிஞர் சிலர் இதையே ஆதாரமாகக் கொள்கிறார்கள்.

அப்படியானால் அன்சாரிப் பெண்ணின் ஹதீஸை எப்படிப் பொருத்துவது? ஒட்டுமுடி விலக்கப்பட்டதற்குச் சட்ட அறிஞர்கள் கூறும் காரணங்கள் முக்கியமாக இரண்டு: பிறருடைய உடலின் பகுதியைப் பயன்படுத்துவது, இல்லாததை இருப்பதாகக் காட்டுவது. கம்பளி போன்றவற்றால் ஆன இழையை ஹனஃபி சட்டப் பள்ளியினர் அனுமதித்தது முதல் காரணத்தை முதன்மையாகக் கொண்டதால். இந்த வாசிப்பின்படி அந்த ஹதீஸ் விலக்குவது மீட்பை அன்று, போலியை. இதுவே வலுவான வாசிப்பு என்பது என் முடிவு. தங்க மூக்கும் செயற்கையே. ஆனால் அது யாரையும் ஏமாற்றவில்லை.

இப்னு மஸ்ஊதின் ஹதீஸை விளக்கும் இமாம் நவவீயும் இதே திசையில்தான் செல்கிறார். அழகைத் தேடிச் செய்வதே விலக்கப்பட்டது. சிகிச்சைக்காகவோ பல்லில் உள்ள குறைக்காகவோ செய்தால் குற்றமில்லை என்பது ஸஹீஹ் முஸ்லிமுக்கான அவருடைய விரிவுரையின் சாரம். நவவீ ஷாஃபிஈ மத்ஹபின் (சட்டப் பள்ளியின்) தூண்களுள் ஒருவர். தமிழகக் கடற்கரை முஸ்லிம் ஊர்களில் வேரூன்றிய மத்ஹபும் அதுவே. உள்நாட்டில் ராவுத்தர்களிடையிலும் உருது பேசுவோரிடையிலும் ஹனஃபி மத்ஹப் மிகுதி. ஹனஃபிகளின் வழிகாட்டி நூலாகிய ஃபத்தாவா ஆலம்கீரி, ஔரங்கசீப் காலத்தில் இந்திய மண்ணில் தொகுக்கப்பட்டது. கூடுதல் விரலை வெட்டுவது பற்றி அது கேட்பது, அது படைப்பா இல்லையா என்பதை அன்று. அவ்வாறு வெட்டினால் பெரும்பாலும் உயிர் போகுமா, பிழைக்குமா என்பதே அதன் கேள்வி. பிழைப்பதே பெரும்பான்மையானால் அனுமதி உண்டு. மருத்துவம் வளர வளர இந்த அளவுகோலின்படி அனுமதியின் எல்லையும் விரியும்.

4. 2007: புத்ரஜாயா தீர்மானம்

முற்கால விவாதங்களை இன்றைய அறுவை அரங்கோடு இணைத்த முக்கிய ஆவணம், ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ரஜாயாவில் நிறைவேற்றிய 173-ஆம் தீர்மானம்.

உதட்டுப் பிளவு, கூடுதல் விரல் போன்ற பிறவிக் குறைகளையும், தீ, விபத்து, நோய் ஆகியவற்றால் வந்த குறைகளையும் சரிசெய்வதை அது அனுமதிக்கிறது. புற்றுநோய்க்காக நீக்கப்பட்ட மார்பகத்தை மீண்டும் உருவாக்குவது, தோல் ஒட்டுவது, உதிர்ந்த முடியை நடுவது ஆகியனவும் இதில் அடங்கும். உடலுக்கோ மனத்துக்கோ துன்பம் தரும் உருக்குறையை நீக்குவதும் கூடும். மருத்துவத் தேவையின்றி விருப்பத்துக்காகவோ பிறரைப் போல் தோன்றுவதற்காகவோ இயல்பான மூக்கையும் உதட்டையும் மாற்றுவது கூடாது. நோயாக இல்லாத முதுமைச் சுருக்கத்தை ஊசியாலோ கத்தியாலோ அகற்றுவதும், நீதியிலிருந்து தப்பிக்க முகத்தை மாற்றுவதும் கூடாது.

அனுமதிக்கும் தீர்மானம் நிபந்தனைகளையும் விதிக்கிறது: தகுதியுள்ள வல்லுநர் செய்ய வேண்டும், நோயாளியின் இசைவு வேண்டும், ஆபத்துகளையும் பின்விளைவுகளையும் மருத்துவர் தெளிவாக எடுத்துச் சொல்ல வேண்டும், உடலைக் குறைவாகத் தொடும் வேறு வழி இருக்கக் கூடாது, விளையும் கேடு நன்மையை மிஞ்சக் கூடாது.

தீர்மானத்தின் மிகப் புதிய பகுதி, மனத் துன்பத்தை ஏற்றுக்கொண்டது. மிகவும் தெளிவில்லாத பகுதியும் அதுவே. இயல்பான மூக்கை வெறுத்து வாடும் ஒருவரின் துன்பம் இதில் சேருமா? சிவந்த நிறமே அழகு என்று விளம்பரமும் திருமணச் சந்தையும் ஒருவரை நம்ப வைத்துவிட்டபின் பிறக்கும் துன்பம் சேருமா? கறுப்பு நிறம் குறையன்று. குறையென்று நம்பவைப்பதே குறை. சமூகம் உண்டாக்கிய இத்தகைய துன்பத்துக்குக் கத்தி மருந்தாகாது. ஆனால் துன்பத்தின் மெய்ம்மையை மறுப்பதும் நீதியாகாது. இங்கு உண்மையான தீர்ப்பாளர் நேர்மையான மருத்துவரே. அறுவைக் கட்டணத்தில் பங்குள்ளவரே தேவைக்கும் சாட்சி சொல்வது இந்த ஏற்பாட்டின் பலவீனம். மனநல மருத்துவரின் தனிக்கருத்தை, ஃபத்வா எனும் மார்க்கக் கருத்தைக் கேட்போரும் கொடுப்போரும் வேண்டிப் பெறுவது அதற்கு மாற்று.

5. அழகு ஒரு காக்கப்பட்ட உரிமை

அழகு அறுவைச் சிகிச்சை பற்றிய விவாதங்களில் அதிகம் எட்டிப் பார்க்கப்படாத ஒரு மூலை ஃபிக்ஹில் உண்டு. அது தியத் எனப்படும் காய இழப்பீட்டுச் சட்டம். மூக்கை முழுதாக அறுத்தவர் ஓர் உயிருக்குரிய முழு இழப்பீட்டையும் தர வேண்டும் என்பதில் மத்ஹபுகள் ஒன்றுபடுகின்றன. 12-ஆம் நூற்றாண்டு ஹனஃபி அறிஞர் மர்கீனானீயின் 'ஹிதாயா' இதற்குப் பொது விதியே வகுத்திருக்கிறது: ஓர் உறுப்பின் பயன் முழுமையாக அழிந்தாலும் முழு இழப்பீடு, மனிதரிடம் நாடப்படும் அழகு முழுமையாக அழிந்தாலும் முழு இழப்பீடு. தலைமுடியும் தாடியும் மீண்டும் முளைக்காதபடி அழிக்கப்பட்டால்கூட ஹனஃபிகள் முழு இழப்பீடு விதிக்கிறார்கள். முடியின் விஷயத்தில் ஷாஃபிஈகள் அவ்வளவு தூரம் செல்லாமல், நீதிபதி மதிப்பிடும் தொகையோடு நிற்கிறார்கள்.

அழகைத் தேடுவது வீண் ஆசை என்று மட்டுமே கருதிய சட்டமாக ஃபிக்ஹ் இருந்திருந்தால் இந்த விதி பிறந்திருக்காது. அழகு, பறித்தால் விலை கொடுக்க வேண்டிய உடைமையாகவே அங்கு இருக்கிறது. பறித்தவர் விலை கொடுக்க வேண்டுமென்றால், பறிபோனதை மீட்டுக்கொள்வது படைப்பை மாற்றுவதாக எப்படி ஆகும்? படைப்பு மாறியது காயத்தின்போது. சிகிச்சை அதை அதன் பழைய நிலைக்குத் திருப்ப முயல்கிறது.

இச்சட்டம் இந்த மண்ணுக்கு அந்நியமும் அன்று. சார்லஸ் ஹாமில்டனின் ஹிதாயா ஆங்கில மொழிபெயர்ப்பு 1791-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின் நீதிமன்றப் பயன்பாட்டுக்காகவே வெளிவந்தது. சென்னை மாகாணத்தில் 1802-இல் அமைந்த ஃபௌஜ்தாரி அதாலத் எனும் உயர் குற்றவியல் நீதிமன்றமும் அதன் கீழ் நீதிமன்றங்களும், ஒழுங்குவிதிகளால் திருத்தப்பட்ட இஸ்லாமியக் குற்றவியல் சட்டத்தையே முஸ்லிம் சட்ட அலுவலர்களின் துணையோடு நடத்திவந்தன. 1862-இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அது முடிவுற்றது. புதிய சட்டமும் தலையோ முகமோ நிலையாக உருக்குலைவதைக் கொடுங்காயம் என்றே வகைப்படுத்தியது. அந்த வகை இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவில் தொடர்கிறது. 124-ஆம் பிரிவு அமில வீச்சைத் தனிக் குற்றமாக்குகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அமில வீச்சால் உருக்குலைந்தோரை மாற்றுத்திறனாளிகளாக ஏற்கிறது. ஹிதாயா முழு இழப்பீடு என்றது. 1923-ஆம் ஆண்டுச் சட்டம் நூறு விழுக்காடு என்றது. முகம் மனித வாழ்வுக்கு அடிப்படை என்பதில் இரு சட்டங்களும் ஒரே இடத்தை அடைந்திருக்கின்றன.

6. அரசு வரையும் கோடு

அழகு அறுவைச் சிகிச்சையைத் தனியே நெறிப்படுத்தும் ஒரே மத்தியச் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆனாலும் வரிவிதியும் காப்பீட்டு விதியும் சேர்ந்து ஒரு கோட்டை வரைந்துவிட்டன. 2009 செப்டம்பரிலிருந்து அழகு அறுவைச் சிகிச்சைக்குச் சேவை வரி வந்தது. 2017-இன் ஜிஎஸ்டி அறிவிப்பு மருத்துவச் சேவைக்கு வரிவிலக்கு அளித்துவிட்டு, முடிமாற்றையும் அழகு மற்றும் ஒட்டுறுப்பு அறுவைச் சிகிச்சையையும் அதிலிருந்து வெளியே நிறுத்தியது. பிறவிக் குறை, வளர்ச்சிக் கோளாறு, காயம் ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட உடலமைப்பையோ செயலையோ மீட்கும் சிகிச்சைக்கு மட்டும் விலக்கு உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் தரப்படுத்திய விலக்குகளின்படி, தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர வேண்டியதில்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யும் மீட்பு அறுவைக்கும் உடனடி உடல்நல ஆபத்தை நீக்கும் சிகிச்சைக்கும் தர வேண்டும்.

மீட்பது ஒரு பக்கம், மெருகிடுவது மறுபக்கம். ஃபிக்ஹ் அகாடமி வரைந்த கோடும் ஏறத்தாழ இதுவே. ஆனால் காரணங்கள் வேறு. ஃபிக்ஹ் நிய்யத் எனும் நோக்கத்தையும் தீங்கையும் பார்த்துக் கோடு வரைகிறது. அரசு, பொதுப்பணத்தையும் இடர்ப் பங்கீட்டையும் பார்த்துக் கோடு வரைகிறது. அரசு மெருகிடுவதைத் தடுக்கவில்லை, வரிவிதிக்கிறது.

காரணம் வேறு என்பதால் சொற்களிலும் வேறுபாடு விழுகிறது. ஜிஎஸ்டி விலக்கின் பட்டியலில் 'நோய்' என்ற சொல் இல்லை. காப்பீட்டு விதியில் புற்றுநோய் உண்டு. ஃபிக்ஹ் தீர்மானத்தில் நோய் பொதுவாகவே இடம்பெறுகிறது. இந்த விடுபடல் சிறிதன்று. 2022 ஆகஸ்டில் ஆவடிப் பகுதியைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுமிக்கு, ஒருபக்க முகம் படிப்படியாகச் சிதையும் அரிய நோய்க்காகத் தண்டலத்தில் உள்ள தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. தமிழ்நாடு அரசின் ஏற்பாட்டில் கட்டணமின்றி அது செய்யப்பட்டது, முதலமைச்சரும் நேரில் சென்று பார்த்தார். பள்ளியில் பிற பிள்ளைகளின் ஒதுக்கலுக்கு ஆளானதாக அக்குழந்தை சொன்னதைத் தமிழகம் முழுவதும் கேட்டது. இந்நோய் பிறவியில் வந்ததன்று, காயத்தால் வந்ததுமன்று. இத்தகைய குழந்தையின் பெற்றோர் தம் செலவில் சிகிச்சை செய்தால், வரிவிலக்குக்கு 'வளர்ச்சிக் கோளாறு' என்ற சொல்லுக்குள் நோயைத் திணித்து வாதாட வேண்டியிருக்கும். தொழுநோயால் மூக்குப் பாலம் அமிழ்ந்தவருக்கும் இதே நிலைதான். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1940-களின் இறுதியில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளில் தொடங்கிய மீட்பு அறுவை, பின் மூக்கு, புருவம் என்று முகத்துக்கும் விரிந்தது. நோய் குணமான பிறகும் முகம் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தவர்களை ஊருக்குள் திரும்ப அனுப்பிய சிகிச்சை அது. அந்தப் பணி நடந்த நிலத்திலேயே நோய் என்ற சொல் வரிவிலக்கில் விடுபட்டிருப்பது திருத்தப்பட வேண்டிய குறை.

ஒழுங்குமுறையிலும் அரசு தாமதித்தே விழித்தது. 2016-இல் சென்னையில் முடிமாற்றுச் சிகிச்சைக்குப் பின் மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தது அன்று பெரும் அதிர்ச்சியை உண்டாக்கியது. தேசிய மருத்துவ ஆணையத்தின் வழிகாட்டுதல் 2022 செப்டம்பரில்தான் வந்தது. முடிமாற்றும் அறுவைச் சிகிச்சையே, முறையான பயிற்சி பெற்ற மருத்துவர்களே செய்ய வேண்டும், பயிலரங்குகளிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றது போதாது என்று அது தெளிவுபடுத்தியது.

7. இசைவு: ஒத்துப்போகும் இடமும் பிரியும் இடமும்

2007 ஜூலையில் ஃபிக்ஹ் அகாடமி நோயாளியின் இசைவையும் மருத்துவரின் விளக்கத்தையும் நிபந்தனையாக்கியது. ஆறு மாதம் கழித்து, 2008 ஜனவரியில், சமீரா கோலி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் மெய்யான இசைவு என்ன என்பதை விரித்துரைத்தது. சோதனைக்குத் தந்த இசைவு உறுப்பை அகற்றுவதற்கான இசைவாகாது என்பது அதன் மையம். அழகு அறுவையில் அவசரம் என்பதே இல்லை. எனவே விளக்கிச் சொல்லும் கடமை அங்கு மேலும் கனமாகிறது. மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் நிலைப்பாட்டை 1995-இல் உச்ச நீதிமன்றம் மாற்றியதால், கட்டணம் செலுத்திச் சிகிச்சை பெறுவோருக்கு நுகர்வோர் ஆணையத்தின் கதவும் திறந்துள்ளது.

பிரிவு தென்படுவது, இசைவு தர இயலாதவரின் விஷயத்தில். பால் அடையாளம் தெளிவற்றுப் பிறக்கும் குழந்தைகளுக்கு அறுவையால் ஓர் அடையாளத்தை நிலைநிறுத்துவது சிகிச்சையே என்று மக்காவின் ஃபிக்ஹ் மன்றம் 1989-இல் அனுமதித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 2019 ஏப்ரலில் அருண்குமார் வழக்கில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் வழங்கிய தீர்ப்பில், இத்தகைய அறுவையைக் குழந்தைகளுக்குச் செய்யக் கூடாது என்று பணித்தது. உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றவற்றில் அதைத் தடைசெய்து அந்த ஆகஸ்டிலேயே தமிழ்நாடு அரசு ஆணையிட்டது.

இங்கு முரண் மேலோட்டமானது என்றே கருத இடமுண்டு. தெளிவற்ற பாலுடையோர் பற்றி முற்கால ஃபுகஹாக்கள் (சட்ட அறிஞர்கள்) எழுதியவை பொறுமையைக் கற்பிக்கின்றன. பருவம் எய்தும்வரை காத்திருந்து, அப்போது தோன்றும் அடையாளங்களையும் அவரது நாட்டத்தையும் பார்த்தே முடிவுசெய்தார்கள். அந்தக் காத்திருப்பு இன்றைய அரசாணையின் காத்திருப்போடு பொருந்துகிறது. பெற்றோரின் அவசரத்தைவிடக் குழந்தையின் எதிர்காலச் சொல்லே முந்தியது என்பதை இரண்டும் ஒப்புகின்றன.

உண்மையான முரண், வயது வந்த திருநர்களின் அறுவைச் சிகிச்சையில். சுன்னி ஃபிக்ஹ் மன்றங்கள் அதை விலக்குகின்றன. ஈரானின் ஷியா சட்டத் தலைமை அனுமதித்துள்ளது. 2008-இல் திருநங்கையர் நலவாரியம் அமைத்த தமிழ்நாடும், 2019-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் அதை உரிமையாகவும் அரசின் பொறுப்பாகவும் கொள்கின்றன. இதை மழுப்ப வேண்டியதில்லை. 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் திருமணம், வாரிசுரிமை, கொடை, வக்ஃபு போன்றவற்றையே தொடுகிறது, மருத்துவத்தைத் தொடுவதில்லை. ஃபத்வாவுக்குச் சட்ட வலு இல்லை, யாரையும் அதைக்கொண்டு கட்டாயப்படுத்த முடியாது என்று 2014-இல் விஸ்வ லோசன் மதன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஃபத்வா, கேட்பவரின் மனச்சான்றோடு பேசும் கருத்து. அதன் மதிப்பும் அங்கேதான், அதன் எல்லையும் அங்கேதான்.

8. அனுமதியிலிருந்து கடமைக்கு

மருத்துவத்தைச் சமூகத்தில் சிலராவது செய்தே தீர வேண்டிய கூட்டுக் கடமை, ஃபர்ளு கிஃபாயா, என்று இமாம் கஸ்ஸாலி தம் 'இஹ்யா' நூலில் வகைப்படுத்துகிறார். யாருமே செய்யாவிட்டால் குற்றம் அனைவர் மீதும் விழும். அர்ஃபஜாவின் செய்தியை இதனோடு சேர்த்து வாசிக்க வேண்டும். நபி (ஸல்) அவரை வெறுமனே அனுமதிக்கவில்லை, செய்துகொள்ளுமாறு ஏவினார்கள். முகம் சிதைந்தவர் முகத்தை மீட்கலாமா என்ற கேள்விக்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது. யார் மீட்டுத் தருவது என்பதே மிச்சம்.

இந்தக் கடமைக்குக் களம் அருகிலேயே இருக்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவும், ஆர். வெங்கடசாமி கட்டியெழுப்பிய ஸ்டான்லி மருத்துவமனையின் கை மறுவாழ்வு மற்றும் ஒட்டுறுப்பு அறுவைத் துறையும் இம்மாவட்டத் தொழிலாளர்கள் எட்டும் தூரத்தில் உள்ளன. 2022-இலிருந்து திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. உயிர்காக்கும் முதல் சிகிச்சைக்கு இவை அரணாக உள்ளன. பிந்தைய மாதங்களிலும் ஆண்டுகளிலும் தேவைப்படும் மீட்பு அறுவைகளே ஒப்பந்தத் தொழிலாளியின் கையிலிருந்து நழுவக் கூடியவை. வேலை போயிருக்கும், சொந்த மாநிலத்துக்குத் திரும்பியிருப்பார், கூலி இல்லாமல் அடுத்தடுத்து மருத்துவமனைக்கு வர வழி இருக்காது.

சட்டத்தில் இதற்கு ஒரு பிடி உண்டு. 2009-ஆம் ஆண்டுத் திருத்தம், வேலைக் காயத்துக்கான உண்மையான மருத்துவச் செலவை முதலாளி ஈடுசெய்ய வேண்டும் என்ற விதியை இழப்பீட்டுச் சட்டத்தில் சேர்த்தது. இறுகிய கழுத்தை விடுவிப்பதும், மூடாத இமையைச் சீராக்குவதும், கன்னத்துத் தழும்பை மாற்றுவதும் அந்தக் காயத்தின் சிகிச்சையே. முகச்சிதைவை நூறு விழுக்காடு இழப்பு என்று சொல்லும் சட்டம், அதைச் சரிசெய்வதை மட்டும் 'அழகு வேலை' என்று தள்ளுவது தன்னோடு தானே முரண்படுவதாகும். தொழிற்சங்கங்களும் தொழிலாளர் துறையும் வலியுறுத்த வேண்டிய வாசிப்பு இது. ஜிஎஸ்டி விலக்கில் நோயைச் சேர்ப்பது இதன் துணைத் திருத்தம்.

ஜமாஅத்துகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஏழை நோயாளி ஜகாத்துக்கு உரியவர். ஹனஃபி முறைப்படி பணத்தை அவர் கையில் உடைமையாக ஒப்படைத்து, அவர் அதைச் சிகிச்சைக்குச் செலவிட வழிசெய்யலாம். மீட்பு அறுவைக்கு உதவுவதை பைத்துல்மால்கள் (சமூகப் பொதுநிதிகள்) வெளிப்படையாகத் தம் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஆலிம்களை உருவாக்கும் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் போன்ற மதரஸாக்களின் பாடத்தில் அகாடமியின் தீர்மானமும், இந்திய இசைவுச் சட்டமும், தீக்காய மருத்துவத்தின் அடிப்படைகளும் இடம்பெற்றால், அடுத்த தலைமுறை முஃப்தியிடம் கேட்கும் தொழிலாளிக்கு விடையோடு வழியும் கிடைக்கும்.

வசதி படைத்தவர் மூக்கைக் கூர்மையாக்குவதைப் பற்றி எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் சொற்பொழிவு செய்யலாம். அதற்கு ஆதாரமும் இருக்கிறது. ஆனால் தடை பற்றிப் பேசும் குரலின் உரத்தில், கடமை பற்றிப் பேசும் குரல் அமுங்கிவிடக் கூடாது. தங்கத்தின் விலக்கையே ஒரு மனிதரின் முகத்துக்காகத் தளர்த்திய சட்டம், உலையில் வெந்த முகத்தின் முன் 'கூடும்' என்று மட்டும் சொல்லி ஒதுங்கிக்கொள்ள முடியாது. முகம் போனால் பிழைப்பே போகும் என்று எழுதிவைத்த அரசும், பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ள முடியாது. கும்மிடிப்பூண்டியில் காயப்பட்டவருக்குக் கடைசி அறுவைவரை சிகிச்சையும், அதுவரையிலான கூலியும் உறுதியாகும்போதுதான் இவ்விரு சட்டங்களும் தாம் சொன்னதைச் செய்தவை ஆகும்.